கடலோரப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு: மூளை கற்கும் விதமும் நம் வகுப்பறையும்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள ஒரு பள்ளியில் உங்களுக்குப் பணி கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், கீழக்கரை, சாயல்குடிப் பக்கம் மூக்கையூர், எந்த ஊராக இருந்தாலும் சரி. பி.எட். படித்தபோது கல்வி உளவியலும் படித்திருப்பீர்கள். பரீட்சைக்குப் படித்தது பரீட்சையோடு போயிருக்கும். எனக்கும் அப்படித்தான் போனது. பதினைந்து வருடங்களுக்கு மேல் இந்தக் கரையில் பாடம் எடுத்த பிறகு, மூளையைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொன்னவற்றில் எது வகுப்பில் உண்மையிலேயே கைகொடுத்தது என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எந்த வரிசையில் அவற்றைத் தொடங்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள்

பணியில் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போங்கள். உங்களுக்கு அறவே தெரியாத ஒரு வேலையைக் கற்றுத் தரச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டது, கிழிந்த வலையில் கண் கட்டும் வேலை. என் மாணவி ஒருத்தியின் அப்பத்தா படகு நிழலில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார். மூன்று முறை செய்து காட்டிவிட்டு, "தெரியுதா சார்?" என்றார். "தெரியுதும்மா" என்றேன். ஊசியைக் கையில் கொடுத்ததும் கை நின்றுவிட்டது.

ஊசியைக் கீழிருந்து கண்ணுக்குள் விட வேண்டும், நூலை இழுத்துக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும், ஒரு சுற்றை இடப்பக்கம் வீச வேண்டும், கண்ணின் இரண்டு இழைக்கும் பின்னால் ஊசியை ஓட்டி அந்தச் சுற்றுக்குள் எடுத்து இறுக்க வேண்டும். கட்டைவிரலைக் கவனித்தால் சுற்று மறந்துபோனது. சுற்றைக் கவனித்தால் நூல் நழுவியது.

ஒரு நேரத்தில் மனதில் ஏந்தி வைத்துக்கொண்டு வேலை செய்யக்கூடிய இடம் ரொம்பச் சிறியது. இதைச் செயல் நினைவு என்பார்கள். 1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் அந்த இடத்துக்கு ஏழு பொருள் என்று ஒரு கணக்குச் சொன்னார். 2001இல் நெல்சன் கோவன் என்ற இன்னொரு உளவியலாளர் அதைத் திரும்ப ஆராய்ந்து, உண்மையில் நான்கு போலத்தான் வரும் என்றார். சிறு பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. அந்த அப்பத்தாவுக்கு முடிச்சு முழுவதும் ஒரே பொருள். எனக்கோ அது ஏழெட்டுப் பொருள். ஒரே முடிச்சுதான், இரண்டு மூளைகளில் இரண்டு எடை.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். "சுற்றை எந்தப் பக்கமா வீசணும்?" என்று கேட்டால் அவருக்குச் சொல்ல வரவில்லை. கையை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். கைப்பழக்கமும் வாயால் சொல்லக்கூடிய அறிவும் மூளையில் வேறு வேறு வழிகளில் சேர்கின்றன. 1953இல் வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலேசன் என்பவருக்கு, ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கு அகற்றப்பட்டது. அதற்குப் பிறகு புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் கை தேறிக்கொண்டே வந்தது. முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. நாம் சரளமாக வாசிப்பதும் வாய்ப்பாடு சொல்வதும் நமக்கு அந்த அப்பத்தாவின் முடிச்சு மாதிரி. அதற்குள் எத்தனை படிகள் இருக்கின்றன என்பது நமக்கே மறந்துபோயிற்று. அந்த மறதியைக் கலைக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகச் சொல்கிறேன்.

பாடத்தைச் சின்னக் கட்டாக்குங்கள்

ஒன்றாம் வகுப்பு எடுப்பவர்கள் தமிழ் எழுத்து 247 என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கும். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம். ஆனால் பிள்ளை கற்க வேண்டியது 247 தனிப் பொருள்கள் இல்லை. முப்பது அடிப்படை ஒலிகள், அவற்றோடு சேரும் கால், கொம்பு, சுழி போன்ற குறிகள், பிறகு கொஞ்சம் விதிவிலக்கு. ப, ட, ம, ம் என்று நான்கு எழுத்தைப் பிடித்தால் படம், மடம் என்று இரண்டு சொல் வந்துவிடும். ட் சேர்ந்தால் பட்டம், மட்டம். ராமேஸ்வரம் சாலையில் போகிற பிள்ளை அக்காள்மடம், தங்கச்சிமடம் என்ற பெயர்ப்பலகைகளில் 'மடம்' என்ற பாதியை அன்றே வாசித்துவிடும். என் வகுப்பில் ஒரு பையன் பேருந்து ஜன்னலில் அதை வாசித்துவிட்டு, மறுநாள் காலை வாசலிலேயே நின்று எனக்குச் சொன்னான்.

வாசிப்பு யாருக்கும் பிறவியில் வருவதில்லை. பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காண்பதற்கென மூளையின் இடப்பக்கம், பின்புறம் அடியில் உள்ள ஒரு பகுதி, பழகப் பழக எழுத்துகளுக்கு இடம் கொடுக்கிறது. ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் என்ற பிரெஞ்சு நரம்பியலாளர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அப்படி இடம் பிடிப்பதற்கு நாள் ஆகும். ஜூன் மாதத்தில் சேர்ந்த பிள்ளை ஆகஸ்டில் தடுமாறினால் அது மந்தம் ஆகிவிடாது.

பெரிய வகுப்புகளுக்கும் இதே கணக்குதான். ஒரு புதிய சொல், ஒரு புதிய படம், ஒரு புதிய விதி, அவ்வளவு போதும். அப்புறம் நிறுத்திவிட்டு அதை வைத்து ஏதாவது செய்யச் சொல்லுங்கள். கரும்பலகையில் நீளமாக எழுதிப்போட்டு, பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதும்போதே நீங்கள் வேறொன்றை விளக்காதீர்கள். இரண்டில் ஒன்று கட்டாயம் நழுவும்.

மீன் ஏலக்கடையில் இருக்கும் கணக்கைப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள்

ஆறாம் வகுப்பில் ஒரு பையன். கரையில் அவன் அம்மாவுக்கு நண்டு எடை போட்டுக் கொடுப்பான். "கிலோ 340, மூணேகால் கிலோ எவ்வளவுடா?" என்று ஒருநாள் கரையில் வைத்துக் கேட்டேன். மேலே பார்த்தான். "மூணு கிலோக்கு ஆயிரத்து இருபது, காலுக்கு எம்பத்தஞ்சு, ஆயிரத்து நூத்தி அஞ்சு சார்" என்றான். மறுநாள் அதே கணக்கை 340 × 3.25 என்று தாளில் கொடுத்தேன். புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே வெறுமையாக விட்டுவிட்டான்.

இது அவன் ஒருவனுடைய குறையல்ல. 1985இல் பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில், தெருவில் தேங்காயும் பழமும் விற்ற பிள்ளைகளை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே கணக்குகளை வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. 2025இல் வெளியான ஓர் ஆய்வு, கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடமும் இதே நிலைமையைக் கண்டது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தவர்கள். அதில் என்னை உறுத்தியது மறுபக்கம்தான். பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஆக, இந்த அறிவும் அந்த அறிவும் ஒரே தலைக்குள் இருந்தாலும், தாமாகவே கைகோத்துக்கொள்வதில்லை. நாம்தான் கோத்துவிட வேண்டும்.

எப்படி? அவன் வாயால் சொன்னதை அப்படியே பலகையில் எழுதினேன். 340 × 3 = 1020. 340 × ¼ = 85. இரண்டையும் கூட்டினால் 1105. பிறகு, "நீ செய்தது இதுதான். இதற்குப் பங்கீட்டுப் பண்பு என்று பெயர்" என்று பக்கத்திலேயே 340 × (3 + 0.25) என்று எழுதினேன். அவன் எழுந்து வந்து அடைப்புக்குறியை விரலால் தொட்டுப் பார்த்தான். அடுத்ததாக, நண்டோ பணமோ இல்லாத நான்கு கணக்கு கொடுத்தேன். இந்தக் கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள். நண்டிலேயே நின்றுவிட்டால் பரீட்சைத் தாளில் அது உதவாது.

வேறு பாடங்களுக்கும் இங்கே பொருள் குறைவில்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றன. வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கிறது. பாசி எடுக்கப் போகும் அம்மாக்களுக்கு மரிக்கொழுந்துப் பாசிக்கும் கஞ்சிப் பாசிக்கும் உள்ள வித்தியாசம் அத்துபடி. வகைப்பாடு என்ற பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம். வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் தெரிந்த பிள்ளைகளிடம் பருவக்காற்றைப் பாடமாக எடுப்பது எவ்வளவு சுலபம் என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன ஒரு சம்பவம் ராமேஸ்வரத்தில் நடந்தது. அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்று பலகையில் படம் போட்டு விளக்கினார். புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்று சிறுவன் கலாம் சொன்னார். மற்றப் பிள்ளைகளும் சொன்னார்கள். ஆசிரியர் கோபப்படாமல் வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துப் போய், பறக்கும் பறவைகளைக் காட்டி விளக்கினார். எல்லாரும் அந்தக் கடற்கரையைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். "புரியவில்லை" என்று ஒரு பிள்ளை பயமில்லாமல் சொல்ல முடிந்த வகுப்பு அது என்பதை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. "மீனவப் பிள்ளைகளுக்குக் கையால் செய்தால்தான் ஏறும், எழுத்து ஏறாது" என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். ஏற்காதீர்கள். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து, அதற்கேற்பப் பாடம் எடுத்தால் நன்றாக வரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இலேயே நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளையெல்லாம் அலசிச் சொல்லிவிட்டார்கள். மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்பதும் தப்பு.

கொட்டுவதைக் குறையுங்கள், எடுக்க விடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வகுப்பு முடியும்போது "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரலில் வரும். பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் புரிந்துதான் இருக்கும். நான் அப்பத்தாவிடம் சொன்னதும் அதே மாதிரிதான். ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, அளந்து பார்த்தார். மறதி முதல் நாளிலேயே பாய்ந்து இறங்குகிறது, பிறகு மெதுவாகிறது என்று கண்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் மொத்த உழைப்பு குறைகிறது என்பதையும் அவரே கண்டார்.

2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சாரார் ஒரு பத்தியை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு சாரார் ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு தடவை படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ். திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம் நினைவிருந்தது, படித்தே தீர்த்தவர்களுக்கு 40 சதவீதம். நினைவிலிருந்து ஒன்றைச் சிரமப்பட்டு எடுக்கும்போது அந்த நினைவு பலப்படுகிறது.

இதை வகுப்பில் நான் செய்கிற முறை இது. பாடம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம். ஒரு பக்கம் எழுதிய பழைய தாளின் மறுபக்கம் போதும். புத்தகம் மூடியிருக்கும். பலகையில் மூன்று கேள்வி இருக்கும். ஒன்று நேற்றையது, ஒன்று போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. இரண்டு நிமிடம் யாரும் யாரிடமும் கேட்காமல் எழுத வேண்டும். பிறகு பக்கத்தில் உள்ளவரோடு ஒப்பிடலாம். கடைசியில் புத்தகத்தைத் திறந்து அவரவரே திருத்திக்கொள்ள வேண்டும். மதிப்பெண் கிடையாது. தாளை நான் வாங்குவதும் இல்லை. மதிப்பெண் என்று வந்த நிமிடமே பக்கத்துத் தாளை எட்டிப்பார்ப்பது தொடங்கிவிடும்.

ஒருநாள் போன வாரக் கேள்வி, உப்பளத்தில் என்ன நடக்கிறது என்பது. ஒரு பெண் "வெயில், தண்ணி போயிரும், உப்பு நிக்கும்" என்று எழுதிவிட்டு, மேலே அதன் பெயருக்கு ஓர் இடம் விட்டிருந்தாள். பென்சில் முனையை அந்த வெற்றிடத்திலேயே வைத்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது, சொல்லவில்லை. பக்கத்துப் பிள்ளை "ஆவியாதல்" என்றதும் நெற்றியில் தட்டிக்கொண்டு, பெரிய எழுத்தில் எழுதி வட்டம் போட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தாளில் முதலில் விழுந்த சொல் அதுதான். தேடிய அந்த இரண்டு நிமிடம் வீணாகவில்லை. அந்தத் தேடலுக்குப் பிறகு வந்த பதில் நன்றாக ஒட்டுகிறது.

வாயால் கேட்கும்போதும் காத்திருங்கள். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அளந்து சொன்னார். அதை மூன்று விநாடி ஆக்கினாலே பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். முதல் வாரம் அந்த மூன்று விநாடி உங்களுக்கு ரொம்ப நீளமாகத் தெரியும்.

நம் பிள்ளைகளுக்கு இந்த முறை இன்னொரு விதத்திலும் பொருந்துகிறது. திருவிழா, ஏர்வாடி சந்தனக்கூடு, வீட்டில் ஆள் இல்லாத நாள் என்று வருகை விட்டு விட்டுத்தான் இருக்கும். ஒரு பாடத்தை ஒரே வாரத்தில் எடுத்து முடித்துவிட்டால், அந்த வாரம் வராத பிள்ளைக்கு அது மொத்தமாகப் போயிற்று. பழைய பாடம் தினம் ஐந்து நிமிடம் திரும்பி வருகிற வகுப்பில் விட்டதைப் பிடிக்க வழி இருக்கிறது. கணக்கு வீட்டுப்பாடத்திலும் பத்துக் கணக்கும் ஒரே மாதிரி கொடுக்காமல், பழைய வகைகளைக் கலந்து கொடுங்கள். எந்த முறையைப் போடுவது என்று பிள்ளை யோசிக்க வேண்டும். முதலில் தப்பு கூடும், பயப்படாதீர்கள்.

தப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எதிர்பார்த்தது ஒன்று, வந்தது வேறு என்னும்போது மூளை தன்னைத் திருத்திக்கொள்ளும். அதற்கு அந்தத் திருத்தம் உடனே தெரிய வேண்டும், அவமானம் சேரக் கூடாது. சிவப்பு மையில் பெருக்கல் குறி மட்டும் போட்டுக் கொடுத்தால் எங்கே வழி தவறினோம் என்று பிள்ளைக்குத் தெரியாது. தவறிய வரியைச் சுட்டினால் போதும்.

பசி, தூக்கம், பயம்

படித்தது தூக்கத்தில்தான் ஊறுகிறது. பகலில் ஹிப்போகாம்பஸ் பிடித்து வைத்ததை, உறங்கும்போது மூளை திரும்ப ஓட்டிப் பார்த்து, தன் மேலடுக்கான புறணியில் நிலைப்படுத்துகிறது. விடியற்காலை படகு கரைக்கு வரும் நாட்களில் மீன் பிரிக்க எழுந்த பிள்ளை, முதல் பாடவேளையில் கண் சொருகி உட்கார்ந்திருக்கும். அதை ஒழுங்கீனமாகப் பார்க்காதீர்கள். எங்கள் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் எந்தெந்த நாள் கடலுக்குப் போகின்றன என்று விசாரித்து, புதுப் பாடத்தை அதற்குத் தோதாக மாற்றி வைத்தேன். பலன் இருந்தது. பசியைப் பொறுத்தவரை, 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டம் பெரிய ஆறுதல்.

பயம்தான் எல்லாவற்றையும்விடக் கெடுதல். பயந்த மூளை, தப்பிக்க வழி தேடுவதில் முழுக் கவனத்தையும் போட்டுவிடும். அந்தச் சின்னச் செயல் நினைவில் பாடத்துக்கு இடம் மிச்சம் இருக்காது. கம்பால் அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும், கம்பு இருக்கும் வகுப்பில் பிள்ளை கம்பைத்தான் கற்கிறது. கடலுக்குப் போன படகு திரும்பாத நாள், யாருடைய அப்பாவையோ இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்று செய்தி வந்த நாள், புயல் கூண்டு ஏற்றிய நாள், இந்த நாட்களில் புதிய பாடம் தொடங்காதீர்கள். ஒருமுறை தெரியாமல் தொடங்கி, பாதியில் ஒரு பையன் அழுததைப் பார்த்துதான் இதைக் கற்றேன். அன்றைக்கு அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு, கதை, படம் வரைதல் போதும்.

முதல் மூன்று மாதத்துக்கு

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம், உங்கள் செயல் நினைவும் சின்னதுதான். முதல் இரண்டு வாரம் மூன்று விநாடி காத்திருப்பதை மட்டும் பழகுங்கள். மூன்றாவது வாரம் ஐந்து நிமிடத் தாளைத் தொடங்குங்கள், ஒரே வகுப்பில், ஒரே பாடத்தில். எந்தக் கேள்வியை எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்று ஒரு பழைய நோட்டில் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் போன மாதக் கேள்வியை நீங்களே மறந்துவிடுவீர்கள். இரண்டாவது மாதம் ஒரு பாடத்துக்காவது கரையிலிருந்து ஓர் உதாரணம் தேடுங்கள். பிள்ளைகளிடமே கேட்டால் தருவார்கள். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் புதுப் பாடத்துக்குப் போகாமல், ஜூலையில் எடுத்ததிலிருந்து மூன்று கேள்வி பலகையில் போடுங்கள். எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று நடந்து பார்த்துவிட்டு, எந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்யுங்கள்.